ஒன்றாம் வரிசை, பன்னிரண்டாம் வரிசை

மார்ச் 2

அக்கா,

இல்லை, ஆரஞ்சு நிறத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வரைபடம் போடும் மென்பொருள் முதல் ஆளுக்கு நீலம், இரண்டாம் ஆளுக்குப் பச்சை, மூன்றாம் ஆளுக்கு ஆரஞ்சு என்று தானாகவே கொடுக்கும். ஆட்களை அகர வரிசையில் அடுக்கினேன். நீ மூன்றாவதாக வந்தாய்.

நீ இதைக் கேட்கவில்லை. ஃபோனை எடுத்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய் என்று தோன்றியது. ஆறு முறை அடித்துப் பார்த்தேன். அதனால் தபால்.

கூட்ட அறையில் நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை எழுதி வைக்கிறேன். மேலாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இரண்டு வருடத்தில் பரிசோதனை மேசையில் செய்த இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளில் எத்தனை தேறின, தேறாதவை ஏன் தேறவில்லை. தட்டின் தரத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு. 0.5-க்கு மேலே போனால் அந்தத் தட்டில் சோதித்த மருந்துச் சேர்மங்களின் முடிவை நம்பலாம். கீழே போனால் அந்தத் தட்டின் முடிவு குப்பைக்கு. நான் எல்லா மதிப்பெண்களையும் புள்ளிகளாக வைத்து, 0.5-இல் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே நாற்பத்தேழு புள்ளிகள். அதில் நாற்பத்து நான்கு ஆரஞ்சு.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மேசையில் இருப்பதே மூன்று பேர். எல்லோரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

மறுநாள் உன்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் நான் ரயிலேறினேன். ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்தது போன வருடமே முடிவானது என்பது உனக்குத் தெரியும். தப்பி ஓடியதாக அம்மாவிடம் சொன்னாயாம்.

இங்கே அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு குழாய் மேலிருந்து கீழே போகிறது. படித்துக் களைத்தால் அதைப் பார்க்கிறேன்.

எண்கள் தவறில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன், இப்போது அது போதவில்லை என்று தெரிகிறது.

சாப்பிட்டாயா என்று கேட்கலாம். பதில் வர நான்கு நாள் ஆகும்.

தங்கை


மார்ச் 9

புள்ளி,

கடிதம் வந்தது. அம்மா வாங்கி, பிரிக்காமல், உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். "ஒரே வீட்ல இருந்தப்ப பேசல, இப்ப ஸ்டாம்ப் ஒட்டிப் பேசுறாளுங்க" என்றாள்.

ஃபோனை எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. ஃபோனில் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கடிதத்தில் நீ என் முழு வாக்கியத்தையும் படித்தாக வேண்டும்.

கிடங்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பன்னிரண்டு குளிர்பெட்டிகள், ஒரு நாற்காலி, ஒரு அச்சு இயந்திரம். அது கோடு கோடாகச் சீட்டுத் துப்பும். நான் அதைக் குப்பிகளில் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு. சீட்டு கோணலாக ஒட்டினால் படிக்கும் கருவி கத்தும். பதினான்கு வருடம் துளித் துளியாக அளந்து ஊற்றும் பிப்பெட் பிடித்த கை, இப்போது கோணல் பார்க்கிறது.

சரிசரியைப் போய்ப் பார்த்தேன். நீ அவரை மேலாளர் என்று மரியாதையாக எழுதுகிறாய், எழுது. "சரி சரி, ஏப்ரல் கடைசி வரைக்கும் அங்க இரும்மா. அதுக்கப்புறம் நிரந்தரமா மாத்துற தாள் வரும், கையெழுத்துப் போட்டுடு. சம்பளத்துல ஒண்ணும் குறையாது" என்றார். நான் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு வேண்டியது என் மேசை. அதை அவரிடம் சொன்னேன். "சரி சரி" என்றார்.

நீலமோ ஆரஞ்சோ, எனக்குக் கவலை இல்லை. என் கோபம் வேறு. முந்தின நாள் நாம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் பை என் காலில் இடித்தது. "இதை அந்தப் பக்கம் தள்ளு" என்று நான்தான் சொன்னேன். அந்த வரைபடம் அதற்குள் இருந்தது. "அக்கா, நாளைக்கு இப்படி ஒண்ணு காட்டப் போறேன்" என்று ஒரு வார்த்தை. அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவாய்?

இன்னொன்று. பதினான்கு வருடமாக அந்த 0.5-ஐப் பார்க்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது, உன் பேராசிரியருக்குப் புரிகிற மாதிரி வேண்டாம்.

சாப்பிட்டேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

பை விஷயம். முன்கூட்டிச் சொன்னால் நீ காரணம் சொல்வாய், நான் கேட்டுவிடுவேன், பிறகு புள்ளிகளை அப்படியே காட்ட முடியாது என்று நினைத்தேன். அன்று அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். இன்று எழுதிப் பார்க்கும்போது பயம் மாதிரி இருக்கிறது.

0.5 பற்றி.

ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். எட்டெட்டாகப் பன்னிரண்டு வரிசை. ஒன்றாம் வரிசையும் பன்னிரண்டாம் வரிசையும் கட்டுப்பாட்டுக்கு. அவற்றில் பாதிக் குழிகளில் மருந்தே இல்லை, செல்கள் முழுதாக ஒளிரும். மறுபாதியில் வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்து, செல்கள் மங்கிப்போகும். வெளிச்சம் ஒரு கூட்டம், இருட்டு ஒரு கூட்டம். நடுவில் உள்ள எண்பது குழிகளில்தான் நமக்குத் தெரியாத சேர்மங்கள்.

உன் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வெளிச்சக் கூட்டத்தின் சராசரி ஆயிரம். இருட்டின் சராசரி இருநூறு. இடைவெளி எண்ணூறு. ஆனால் வெளிச்சக் குழிகள் எல்லாமே சரியாக ஆயிரத்தில் நிற்பதில்லை, மேலும் கீழும் சிதறுகின்றன. உன் தட்டில் அந்தச் சிதறல் நூறு. இருட்டில் ஐம்பது. இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் நானூற்று ஐம்பது. அது சிதறல் தின்ற இடம். எண்ணூறில் மிச்சம் முந்நூற்று ஐம்பது. எண்ணூறில் அது எத்தனை பங்கு? 0.44. அதுதான் மதிப்பெண். இசட்-பிரைம் என்று பெரிதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

0.5 என்பது யாரோ வசதிக்காகப் போட்ட கோடு. இடைவெளியில் பாதியாவது காலியாக இருக்கட்டும் என்று. 0.49-இல் எதுவும் இடிந்து விழாது. இதை நான் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஆனால் உன் சிதறல் எனக்குப் புரியவில்லை. உன் கையை எனக்குத் தெரியும். மேசையில் உன்னோடு இருக்கும் நெட்டையும் கண்ணாடிக்காரியும் செய்த தட்டுகள் சராசரி 0.71, உன்னுடையது 0.43. நெட்டை காபிக் கோப்பையைக்கூடச் சிந்தாமல் தூக்க மாட்டான்.

ஒரு கேள்வி. தவறாக எடுத்துக்கொள்ளாதே. தட்டை எந்த வரிசையிலிருந்து நிரப்புகிறாய்?

தங்கை


மார்ச் 22

புள்ளி,

தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் பதில் எழுதவில்லை. அம்மா, "என்னடி கேட்டிருக்கா?" என்றாள். "எப்படி நடக்கிறேன்னு கேக்குறா. முதல்ல எடுத்து வைக்கிறது வலது காலா, இடது காலான்னு" என்றேன்.

ஒன்றிலிருந்து தொடங்குவேன். பன்னிரண்டில் முடிப்பேன். வேறு எப்படி நிரப்புவார்கள்? தொட்டியில் செல் கலவை. எட்டு முனைப் பிப்பெட். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு முடிந்ததும் தொட்டியைக் கையால் இரண்டு முறை சாய்த்து ஆட்டுவேன். செல்கள் அடியில் போய் உட்கார்ந்துவிடும், பிப்பெட் அடியிலிருந்துதான் உறிஞ்சும், போகப் போக ஒவ்வொரு குழியிலும் செல் கூடிக்கொண்டே வரும். எழுதிவைத்த முறையில் நடுவில் ஆட்டச் சொல்லவில்லை. நானாகச் செய்வது. பிறகு ஏழு, எட்டு என்று பன்னிரண்டு வரை. முடிந்தது.

நீ கேட்டதால் மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்தேன். சீட்டு ஒட்டிய குப்பிகளைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் மேசை அறையில் அரை மணி நேரம் நின்றேன். நெட்டையும் சரி, கண்ணாடிக்காரியும் சரி, இரண்டிலிருந்து தொடங்கிப் பதினொன்றில் நிறுத்துகிறார்கள். பிறகு தொட்டியைக் கழுவி, கலவையைப் புதிதாகக் கலக்கி, முனைகளை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றையும் பன்னிரண்டையும் நிரப்புகிறார்கள். விருந்தாளிக்கு வைக்கிற தட்டை மட்டும் துடைத்து வைக்கிற மாதிரி.

"எதுக்குடா இந்த ரெண்டுக்கும் மட்டும் இத்தனை உபசாரம்?" என்று கேட்டேன்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க, உங்க தங்கச்சி குடுத்த தாள்லதான இருக்கு. ஏழாவது."

அப்படி ஒரு தாள் எனக்கும் கொடுத்தாய், நினைவிருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். பத்துக் குறிப்புகள். நான் படிக்கவில்லை. நீ எழுதியதை நான் எதற்குப் படிக்க வேண்டும்? உனக்கு 'அ' போடக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்தத் தாளை நாலாக மடித்து மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடமாக மேசை ஆடவில்லை. அந்த வகையில் உன் தாள் நல்ல தாள்.

இதனால் உனக்கு என்ன தெரிந்தது என்று எழுது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உட்கார்ந்து படித்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

ஏழாவது குறிப்பு என் கையெழுத்தில்: கட்டுப்பாட்டு வரிசைகளைத் தனிக் கவனத்துடன் நிரப்பவும்.

ஒரு நல்ல வாக்கியம் மாதிரி இருக்கிறது. எழுதியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மதிப்பெண்ணை எங்கிருந்து எடுக்கிறோம்? ஒன்றிலிருந்தும் பன்னிரண்டிலிருந்தும் மட்டும். நடுவில் உள்ள எண்பது குழிகளை அது பார்ப்பதே இல்லை. ஓரத்தில் நடப்பதுதான் நடுவிலும் நடக்கும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஓரத்தையும் நடுவையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். அந்த நிபந்தனையை உடைக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேரில் இரண்டு பேர் கீழ்ப்படிந்தார்கள். அவர்களுக்கு 0.71.

ஒருத்தி படிக்கவில்லை.

ஊகமாக விடக்கூடாது என்று பழைய கோப்புகளைத் திறந்தேன். ஒவ்வொரு சேர்மமும் ஒரு தட்டில் இரண்டு இடத்தில் இருக்கும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே விடை சொல்ல வேண்டும். எத்தனை விலகுகின்றன என்று எல்லாத் தட்டுகளுக்கும் கணக்கிட்டேன். இதற்கு முன் யாரும் செய்ததில்லை. நானும் செய்ததில்லை. தேறிய தட்டைத் திறந்து பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை.

நெட்டையும் கண்ணாடிக்காரியும் செய்த நூற்று ஐம்பத்தொரு தட்டுகளில் சராசரி விலகல் நூற்றுக்குப் பத்தொன்பது. உன் அறுபத்தொன்றில் ஆறு.

நீ நடுவில் தொட்டியை ஆட்டுகிறாய். அதனால் வலப்பக்கம் இடப்பக்கத்தைப் போலவே தொடங்குகிறது. ஆனால் ஒன்றாம் வரிசை ஆட்டியவுடன் நிரம்புகிறது, பன்னிரண்டாம் வரிசை ஆட்டி ஆறாவதாக நிரம்புகிறது. அந்த வித்தியாசம் உன் கட்டுப்பாட்டுக் குழிகளில் தெரிகிறது. மற்றவர்கள் தட்டிலும் அதே வித்தியாசம், அதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழிகளில் மட்டும் இல்லை.

உன் தட்டும் சுத்தமில்லை அக்கா. அதையும் எழுதியாக வேண்டும். ஆனால் அது தன் அழுக்கைக் காட்டிய ஒரே தட்டு. நான் அதற்குத்தான் கோட்டுக்குக் கீழே இடம் கொடுத்தேன்.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. அந்த வரைபடத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆளுக்கு ஆள் தரம் எப்படி மாறுகிறது என்பது பற்றி. இங்கே என் வழிகாட்டிக்குப் பிடித்திருந்தது. ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. மேலாளர் பெயரும் அதில் இருக்கிறது.

மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன். நீ படித்த பிறகு அனுப்புகிறேன். இந்த முறை முன்கூட்டி.

தங்கை


ஏப்ரல் 5

புள்ளி,

நகலைப் படித்தேன். மூன்று இடத்தில் மாற்ற வேண்டும்.

முதலாவது. "பணியாளர்களின் தவறான நடைமுறை" என்று எழுதியிருக்கிறாய். எடுத்துவிடு. நெட்டைக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. தூங்காமல் வந்து நிற்கிறான், அப்போதும் அந்த இரண்டு வரிசைக்கும் முனை மாற்றுகிறான். அவன் உன் தாளை வரிக்கு வரி படித்து நடந்துகொண்டான். அதற்குப் பெயர் தவறா? தாள் உன்னுடையது என்று எழுது. வேறு யாரையும் இழுக்காதே.

இரண்டாவது. என்னைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறாய். அனுபவம், பொறுப்பு, இன்னும் என்னென்னவோ. பிரிவு உபசார விழா மாதிரி இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை. எண்களைப் போடு, போதும். ஆறு, பத்தொன்பது. என் தட்டும் சுத்தமில்லை என்று ஒரு வரி இருக்கிறதே, அது இருக்கட்டும்.

மூன்றாவது. கடைசியில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அவரிடம் எதற்கு?

உன் போன கடிதத்தைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. முதலில் சிரித்தேன். பிறகு கிடங்கில் குளிர்பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன். அந்தத் தாளை நான் படித்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். "ஏன்டி இப்படி எழுதியிருக்கே, ஓரத்தை மட்டும் மினுக்கினா நடுவுல என்ன தெரியும்?" என்று வீட்டிலேயே கேட்டிருப்பேன். உனக்கு உறைத்திருக்கும். இரண்டு வருடம், இருநூறு தட்டு. நீ எழுதியது என்பதாலேயே நான் படிக்கவில்லை. இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப யாரு மேல தப்பு?" என்றாள். "ரெண்டு பேரு மேலயும்" என்றேன். "அப்படின்னா சரி. சண்டை போட ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

கட்டுரையை என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

தாளில் கையெழுத்துப் போட இன்னும் இருபத்தைந்து நாள். அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

மாற்றங்கள் மூன்றையும் செய்து அனுப்பினேன். மேலாளரின் பதில் ஐந்து வரி. அப்படியே எழுதுகிறேன்.

"கடிதம் கிடைத்தது. அலுவலகம் தட்டுகளை ஒரே அளவுகோலால்தான் மதிப்பிடும். தங்கள் சகோதரிக்கு 21-ஆம் தேதி ஒரு வாய்ப்புத் தரப்படும். பத்துத் தட்டுகள். பத்தும் 0.5-க்கு மேல் வந்தால் மீண்டும் மேசை. ஒன்று குறைந்தாலும் மாறுதல் ஆணையில் கையொப்பமிட வேண்டும்."

ஆறும் பத்தொன்பதும் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தத் தட்டுகளின் முடிவுகள் சேர்மங்களைச் சோதிக்கக் கொடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டன என்று நினைக்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். வழிகாட்டியின் அறைக்குப் போனபோது அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஒரு அடிக்குறிப்புப் போட்டா போதுமேம்மா" என்றார். அடிக்குறிப்பு மொத்தக் கட்டுரையையும் மறுக்கும் என்றேன். அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "உதவித்தொகைக் குழு அடுத்த மாசம் கூடுது. உன் கணக்குல ஒரு கட்டுரை இருக்கும்னு சொல்லி வச்சிருந்தேன்" என்றார். தெரியும் என்றேன். தண்ணீர் தொட்டியைத் தாண்டித் தரையில் வழிந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

இப்போது சொல்ல வந்தது.

21-ஆம் தேதி, இரண்டிலிருந்து பதினொன்று வரை நிரப்பு. கலவையைப் புதிதாகக் கலக்கு. முனைகளை மாற்று. பிறகு ஒன்று, பன்னிரண்டு. உன் கைக்கு 0.75 வரும். பத்தும் தேறும். மேசை கிடைக்கும். அதற்குப் பிறகு நீ உன் வழியில் செய்துகொள், நான் என் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன், மெதுவாக மாறும்.

யார் யாரிடம் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது. இந்தப் பத்தியை நான்கு முறை அடித்து எழுதினேன். அளவுகோல் பொய் சொல்கிறது என்று நிரூபித்தவள், அந்தப் பொய்க்கு ஏற்றாற்போல் நிற்கச் சொல்கிறாள். ஆனால் நீ அந்த மேசைக்குத் திரும்ப வேண்டும். மற்றது எல்லாம் எனக்கு அடுத்தபடிதான்.

பத்தே தட்டு அக்கா.

தங்கை


ஏப்ரல் 23

புள்ளி,

21-ஆம் தேதி காலை எட்டரைக்கு மேசைக்குப் போனேன். என் நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றியிருந்தார்கள். சரிசெய்துகொண்டேன். நெட்டை பத்துத் தட்டுகளையும் வரிசையாக எடுத்து வைத்தான். "அக்கா, ஏழாவது குறிப்பை மறந்துடாதீங்க" என்று மெல்லச் சொன்னான். நல்லதுக்குத்தான் சொன்னான். கண்ணாடிக்காரி எதையோ தேடுகிற மாதிரி பக்கத்திலேயே நின்றாள்.

உன் கடிதம் பையில் இருந்தது. நீ கேட்டதைச் செய்யலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. அந்தக் கிடங்கில் இன்னும் பன்னிரண்டு வருடம் சீட்டு ஒட்டுவதை நினைத்தால் கை மரத்துப்போகிறது.

முதல் தட்டை எடுத்தேன். பிப்பெட் நேராக ஒன்றாம் வரிசைக்குப் போனது. பழக்கம். நிரப்பிவிட்டேன். இனி அதைத் திரும்பப் பெற முடியாது. அந்தத் தட்டைப் பன்னிரண்டு வரை அப்படியே முடித்தேன். ஒன்று போனாலே எல்லாம் போனது என்றுதானே நிபந்தனை. போனது போகட்டும், மிச்சம் ஒன்பது இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

இரண்டாவது தட்டை ஏழாவது குறிப்புப்படி செய்தேன். மூன்றாவது என் முறை. நான்காவது உன் தாளின் முறை. இப்படியே பத்தும். ஒரே கை, ஒரே காலை, ஒரே புட்டிச் செல். எந்தத் தட்டு எந்த முறை என்று குறிப்பேட்டில் அப்போதைக்கப்போதே எழுதினேன்.

மறுநாள் தட்டுகளைக் கருவியில் வைத்துப் படித்தார்கள். ஒற்றைப்படைத் தட்டுகள்: 0.42, 0.39, 0.45, 0.40, 0.44. இரட்டைப்படை: 0.74, 0.77, 0.73, 0.75, 0.76. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள விலகலையும் எடுக்கச் சொன்னேன். கண்ணாடிக்காரி எடுத்துக் கொடுத்தாள். பத்துத் தட்டிலும் ஐந்திலிருந்து ஏழுக்குள். நடுவில் ஆட்டுவதை மட்டும் எதிலும் நிறுத்தவில்லை.

சரிசரி முடிவுத் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணு விட்டு ஒண்ணு எப்படிம்மா விழும்?"

"நான்தான் சார் விட்டேன்."

"புரியல."

"கைல தப்பு இருந்தா பத்தும் விழணும் சார், இல்ல பத்தும் தேறணும். ஒரே ஆள் ஒண்ணு விட்டு ஒண்ணு தப்புப் பண்ண முடியுமா? எந்த வரிசையை எப்ப நிரப்புறோம்ங்கறதை மட்டும்தான் மாத்தினேன். நடுவுல இருக்கற எண்பது குழியும் அப்படியேதான் இருக்கு. மார்க் மட்டும் பாயிண்ட் மூணு ஏறியிருக்கு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவங்க ரெண்டு பேரோட நூத்தி நாப்பத்தெட்டு தட்டு முடிவை அனுப்பியாச்சும்மா."

"தெரியும் சார்."

"சரி சரி." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். "இந்தத் தாளை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. குறிப்பேட்டுல இருக்கற இந்த ரெண்டு பக்கத்தை நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை மேசைக்கு வந்துடு. மாறுதல் ஆணை வராது. தங்கச்சிக்கும் எழுதிடு, இதோட விட்டுடலாம்னு."

அந்த நாற்காலி, அந்த ஜன்னல், அந்தப் பிப்பெட் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. நீ கேட்டதும் அதுதான். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். எனக்கும் அவர் நிலைமை புரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். தாளை அவர் மேசையில் வைத்தேன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன்.

படிக்கட்டில் நெட்டை நின்றுகொண்டிருந்தான். "என்னக்கா ஆச்சு?" என்றான். "உன் மேல ஒண்ணும் வராது. நீ தாள்ல இருந்ததைச் செஞ்சே" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கீழே இறங்கினேன்.

தரப் பிரிவு தரைத்தளத்தில், வலது பக்கம் கடைசி. முடிந்த குறிப்பேடுகளை வாங்கிப் பூட்டி வைப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் போனதை யாரும் கிழிக்க முடியாது, எல்லாப் பக்கத்துக்கும் எண் உண்டு. என் குறிப்பேட்டில் இன்னும் பதினாறு பக்கம் காலி. "முடியலையேம்மா" என்றாள் ஜன்னலில் இருந்தவள். முடிந்துவிட்டது என்றேன். காலிப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ரசீது வாங்கிக்கொண்டேன்.

கிடங்கில் நூற்று நாற்பது குப்பிகள் பாக்கி இருந்தன. போய் ஒட்டினேன்.

அக்கா